பாயைச் சுருக்கும் கணக்கு

2024 பாரிஸ் ஒலிம்பிக்கின் பாய்மரப் படகுப் போட்டிகளுக்கு இந்தியாவிலிருந்து போனவர்கள் இருவர்தான். ஆண்கள் பிரிவில் வேலூரில் பிறந்த விஷ்ணு சரவணன். பெண்கள் பிரிவில் சென்னையைச் சேர்ந்த நேத்ரா குமணன். இருவரும் ஓட்டிய படகின் உடல் ஒரே வகைதான். 4.2 மீட்டர் நீளம், அறுபது கிலோவை ஒட்டிய எடை, ஓட்ட ஒரே ஆள். கனடாக்காரரான புரூஸ் கிர்பி வடிவமைத்து, 1970களின் தொடக்கத்தில் விற்பனைக்கு வந்த இந்தப் படகை உலகம் நெடுங்காலம் ‘லேசர்’ என்று அழைத்தது. இப்போது ‘ஐ.எல்.சி.ஏ.’ என்கிறார்கள்.

மாறுவது பாய் மட்டும். ஆண்கள் ஏற்றுவது ஏறத்தாழ 7 சதுர மீட்டர். பெண்கள் ஏற்றுவது 5.76. பதின்ம வயதினருக்கென்று 4.7 சதுர மீட்டரில் மூன்றாவது பாயும் உண்டு. ஒரே படகுக்கு எதற்கு மூன்று பாய் என்று கேட்டால், கயிறு இழுக்கக் கையில் வலு வேண்டுமே என்று பலரும் சொல்வார்கள். கை வலுவுக்கும் இதற்கும் தொடர்பு குறைவு. ஓட்டுபவரின் உடல் எடைதான் பாயின் அளவைத் தீர்மானிக்கிறது.

பெரிய பாய்மரக் கப்பலின் அடியில் டன் கணக்கில் ஈயமோ இரும்போ தொங்கும். கப்பல் சாயச் சாய அந்த எடை அதை நிமிர்த்தப் பார்க்கும். டிங்கி என்று சொல்லப்படும் சிறு படகில் அப்படி எதுவும் கிடையாது. அடியில் நீட்டிக்கொண்டிருக்கும் மெல்லிய நடுப்பலகை படகு பக்கவாட்டில் வழுக்கிப் போகாமல் பிடிக்குமே தவிர, நிமிர்த்தாது. நிமிர்த்தும் எடை ஓட்டுபவர்தான். காற்று வரும் பக்கத்து விளிம்பில் உட்கார்ந்து, படகின் நடுவில் ஓடும் பட்டைக்குள் பாதத்தைக் கொடுத்து, இடுப்புக்கு மேலே உடல் முழுவதையும் தண்ணீருக்கு மேல் சரித்துத் தொங்குகிறார். பூங்காவில் குழந்தைகள் ஆடும் ஏற்ற இறக்கப் பலகையின் ஒரு முனையில் அவர், மறுமுனையில் காற்று.

இந்தப் பலகைக்குக் கணக்குப் போடலாம். தோராயக் கணக்குத்தான், ஆனாலும் நிலவரத்தை நன்றாகக் காட்டும். ஓட்டுபவர் 80 கிலோ. முழுக்கச் சரிந்து தொங்கும்போது அவருடைய எடையின் மையம் படகின் நடுக்கோட்டிலிருந்து சுமார் 1.1 மீட்டர் வெளியே இருக்கும். இரண்டையும் பெருக்கினால் 88. எதிர்ப்பக்கத்தில், பாயின் மீது காற்று தள்ளும் விசையின் மையம் தண்ணீருக்கு மேலே உயரத்தில் இருக்கிறது. அந்தத் தள்ளலை எதிர்த்து நிற்கும் நடுப்பலகையின் மையமோ தண்ணீருக்கு அடியில். இரண்டுக்கும் இடைப்பட்ட தூரம் 2.8 மீட்டர் என்று வைத்துக்கொண்டால், 88-ஐ 2.8-ஆல் வகுக்க 31 கிலோ வருகிறது. பாயின் மீது காற்று 31 கிலோ எடைக்குச் சமமாகப் பக்கவாட்டில் தள்ளும்வரை படகு மட்டமாக நிற்கும். அதற்கு மேல் ஒரு கிலோ கூடினாலும் சாயத் தொடங்கும்.

படகின் மீது 10 நாட் வேகத்தில், அதாவது மணிக்குச் சுமார் 18.5 கிலோமீட்டரில், காற்று வீசினால் 7 சதுர மீட்டர் பாயில் ஏறக்குறைய 14 கிலோ விசை விழுகிறது. 15 நாட்டில் 31 கிலோ. 20 நாட்டில் 55 கிலோ. வேகம் இரட்டித்தால் விசை இரட்டிப்பதில்லை, நான்கு மடங்காகிறது. ஒரு நொடியில் பாயை வந்து மோதும் காற்றின் அளவும் கூடுகிறது, மோதும் வேகமும் கூடுகிறது. இரண்டும் சேர்ந்து பெருகுவதால் வரும் வினை. கரையில் நின்று பார்ப்பவருக்கு 15 நாட்டுக்கும் 20 நாட்டுக்கும் பெரிய வித்தியாசம் தெரியாது. அலைகளின் தலையில் வெள்ளை நுரை சற்று அதிகம் பூத்திருக்கும், அவ்வளவுதான். படகில் தொங்குபவருக்கோ 24 கிலோ கூடுதல். அதை ஈடுகட்ட அவரிடம் வேறு எடை இல்லை.

60 கிலோ உள்ள ஒருவர் அதே பெரிய பாயை ஏற்றினால் அவருடைய எல்லை 13 நாட்டிலேயே வந்துவிடும். அவருக்கு 5.76 சதுர மீட்டர் பாயைக் கொடுத்து, விசையின் மையமும் கொஞ்சம் கீழே இறங்குவதாகக் கணக்கிட்டால், எல்லை மறுபடி 15 நாட்டுக்குப் போய்விடுகிறது. சிறிய பாய் சலுகை அன்று. சமன்பாட்டின் இரு பக்கத்தையும் சரிசெய்யும் ஏற்பாடு.

அந்த ‘கொஞ்சம் கீழே’ என்பதில்தான் விஷயம் இருக்கிறது. ஐ.எல்.சி.ஏ. படகின் பாய்மரம் இரண்டு துண்டு. பெரிய பாய்க்கும் நடுத்தரப் பாய்க்கும் மேல் துண்டு ஒன்றே. கீழ்த் துண்டு மட்டும் குட்டையாகிறது. மரமே குட்டையாவதால் பாயின் பரப்போடு உயரமும் சேர்ந்து குறைகிறது. படகைக் கவிழ்ப்பது விசையும் உயரமும் பெருகிய தொகை என்பதால், இரண்டில் எதைக் குறைத்தாலும் பலன் உண்டு. ஒரே வேலையில் இரண்டையும் குறைப்பதுதான் பாய் சுருக்கும் கலை.

நடுக்கடலில் மரத்தை மாற்ற முடியாது. காற்று ஏறும்போது முதலில் செய்வது, பாயின் அளவைத் தொடாமல் வடிவத்தை மாற்றுவது. பாய் தட்டையான துணி அன்று. விமான இறக்கையைப் போல வளைவு வைத்துத் தைத்தது. வளைவு கூடினால் விசை கூடும். ஆகவே வளைவை இழுத்துத் தட்டையாக்குகிறார்கள். பாயின் கீழ்ப் பின் முனையை, பாயின் அடியில் கிடையாக நீளும் கிடைக்கழியின் கோடிக்கு இழுக்கும் கயிறு ஒன்று. கிடைக்கழியைக் கீழ்நோக்கி இழுத்துப் பிடித்து மரத்தை வளைக்கும் கயிறு இன்னொன்று. பாயின் முன் விளிம்பைக் கீழே இழுக்கும் மூன்றாவது கயிற்றுக்குக் ‘கன்னிங்ஹாம்’ என்று பெயர். கார்ப் பந்தயக்காரராகவும் இருந்து, 1958-ல் அமெரிக்கக் கோப்பைப் போட்டியில் ‘கொலம்பியா’ படகுக்குத் தலைமையேற்று வென்ற பிரிக்ஸ் கன்னிங்ஹாமின் பெயர் அது. ஒரு கயிற்றில் பெயர் நிலைப்பது கோப்பையில் நிலைப்பதைவிட மேல் என்று எனக்குத் தோன்றும்.

கன்னிங்ஹாமை இறுக்கும்போது என்ன நடக்கிறது என்று பக்கத்திலிருந்து பார்க்க வேண்டும். முன் விளிம்பை ஒட்டியிருக்கும் சுருக்கங்கள் மறைகின்றன. பாயின் வயிறு பின்னாலிருந்து மரத்தை நோக்கி நகர்கிறது. மரத்தின் நுனி பின்னோக்கி வளைய, மேல்பகுதியின் பின் விளிம்பு தளர்ந்து வெளிப்பக்கம் திறந்துகொள்கிறது. கீழ்ப்பாதி காற்றைப் பிடித்திருக்க, மேல்பாதி காற்றை வழியவிடுகிறது. பரப்பு ஒரு சதுர அங்குலமும் குறையவில்லை. ஆனால் வேலை செய்யும் பாய் குட்டையாகிவிட்டது. சும்மா கயிற்றைத் தளர்த்திப் பாய் முழுவதையும் படபடக்க விடுவதைவிட இது எவ்வளவோ மேல். படபடக்கும் துணி விசையற்றது என்று நினைப்பது தவறு. அது முன்னே தள்ளுவதில்லையே தவிர, பின்னே இழுக்கும், தையலையும் பிய்க்கும்.

இதற்கெல்லாம் ஓர் எல்லை உண்டு. அதன்பின் துணியைக் குறைத்தே ஆக வேண்டும்.

குழந்தைகள் ஓட்டும் ‘ஆப்டிமிஸ்ட்’ படகில் இதற்கு ஒரு சுருக்குவழி உண்டு. 1947-ல் அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் கிளார்க் மில்ஸ் உருவாக்கிய, 2.3 மீட்டர் நீளமே உள்ள பெட்டி போன்ற படகு அது. பாய் கிட்டத்தட்டச் சதுரம். அதன் மேல் மூலையை, குறுக்காகச் சாய்ந்து நிற்கும் ஒரு கழி தாங்குகிறது. காற்று மிஞ்சினால் பயிற்சியாளர்கள் அந்தக் கழியை உருவிவிடுவார்கள். மேல் மூலை மடிந்து தொங்க, எஞ்சுவது தாழ்வான ஒரு முக்கோணம். அழகாக இருக்காது, காற்றை எதிர்த்து ஏறவும் வராது. ஆனால் எட்டு வயதுப் பிள்ளை நிம்மதியாகக் கரை சேரும்.

ஐ.எல்.சி.ஏ. படகில் வேறொரு பழைய உத்தி. அதன் பாய் மரத்தின் மேல் உறைபோல மாட்டப்படுவது. மரமோ படகின் மேல்தளத்துக் குழியில் சும்மா நிற்பது, சுழற்றினால் சுழலும். கிடைக்கழியைக் கழற்றி, மரத்தைத் திருகி, பாயை ஒரு சுற்றோ இரண்டு சுற்றோ மரத்தின் மேலேயே சுற்றிவிட்டுக் கழியை மறுபடி மாட்டலாம். செய்வது சுலபம். ஆனால் இங்கே அகலம் குறைகிறது, உயரம் அப்படியே இருக்கிறது. மேலே மெலிந்து நீண்ட பாயின் தலை அதே இடத்தில் காற்றை வாங்கிக்கொண்டுதான் இருக்கும். அவசரத்துக்கு ஆகும். இதையே பழக்கமாக வைத்துக்கொள்பவர்களுக்கு அடுத்த அளவுப் பாயும் குட்டை மரமும் வாங்கச் சொல்வதுதான் நியாயம்.

முறையான வழி ‘ரீஃப்’ போடுவது. பாயைக் கொஞ்சம் இறக்கி, அடியில் சேரும் துணியை மடித்துக் கட்டுவது. முக்கோணப் பாயில் இதன் பலன் எதிர்பார்ப்பதைவிட அதிகம். அகலமான பகுதி அடியில்தானே இருக்கிறது? உயரத்தில் ஐந்தில் ஒரு பங்கை மடித்தால் பரப்பில் 36 சதவீதம் போய்விடும். எஞ்சிய பாயின் மையமும் கீழே இறங்குகிறது. பாயின் உயரம் 5 மீட்டர், அது தண்ணீருக்கு ஒரு மீட்டர் மேலே தொடங்குகிறது, நடுப்பலகையின் மையம் அரை மீட்டர் ஆழத்தில் என்று வைத்துக் கணக்கிட்டால், கவிழ்க்கும் வலு 43 சதவீதம் குறைகிறது. அதே அளவு துணியை அகலத்தில் மட்டும் குறைத்திருந்தால் குறைவது 36 சதவீதமே.

இருவர் ஓட்டும் ‘வேஃபேரர்’ படகில் ரீஃப் போடுவதைப் பார்ப்போம். இங்கிலாந்தின் இயன் பிராக்டர் 1957-ல் வடிவமைத்த, 4.8 மீட்டர் நீளப் படகு. குடும்பத்தோடு போகவும் கரை ஓரமாய் நாள்கணக்கில் சுற்றவும் ஏற்றது. முதலில் படகை அமைதிப்படுத்த வேண்டும். முன்பாயைக் காற்று வரும் பக்கத்துக்கு இழுத்துக் கட்டி, பெரிய பாயைத் தளர்த்தி, சுக்கானை ஒரு பக்கமாய்த் தள்ளி வைத்தால் படகு முன்னேயும் போகாமல் பின்னேயும் போகாமல் மெல்ல ஒதுங்கிக்கொண்டு கிடக்கும். பிறகு கிடைக்கழியைக் கீழே இழுக்கும் கயிற்றை விடுவிக்க வேண்டும். இதை மறந்தால் பாய் மேற்கொண்டு எதற்கும் இடம் கொடுக்காது. பாயேற்றும் கயிற்றை முன்பே போட்டுவைத்த குறி வரும்வரை இறக்கி, பாயின் முன் விளிம்பில் உள்ள வளையத்தை, கழியும் மரமும் சேருமிடத்தில் இருக்கும் கொக்கியில் மாட்ட வேண்டும். ஏற்று கயிற்றை மறுபடி விறைப்பாக இழுக்க வேண்டும். அதற்குப் பின்புதான் பின் விளிம்பு. அங்கிருக்கும் வளையத்தின் வழியே ஓடும் கயிற்றைக் கீழேயும் பின்னேயும் ஒருசேர இழுக்க, புதிய அடிவிளிம்பு தட்டையாகக் கழியோடு படியும்.

முன்னது முன், பின்னது பின் என்ற வரிசை மாறக்கூடாது. பின் விளிம்பை முதலில் இழுத்துவிட்டால் முன் வளையம் கொக்கிக்கு எட்டாமல் நிற்கும். அலையில் துள்ளும் படகின் முன்பகுதியில் தொங்கிக்கொண்டு ஒருவர் அதனோடு மல்லுக்கட்டுவார். கடைசியாக, தொங்கும் துணி மடிப்பைச் சிறு கயிறுகளால் கட்டுவார்கள். தளர்வாகத்தான் கட்ட வேண்டும். விசை முழுவதும் இரு கோடி வளையங்களில் இறங்க வேண்டியது. நடுக் கயிறுகளை இறுக்கினால் அந்தச் சிறு துளைகள் பாரத்தை வாங்கிப் பாய் அங்கேயே கிழியத் தொடங்கும்.

முன்பெல்லாம் பாயைக் கிடைக்கழியின் மேலேயே பாய்ப்படுக்கை சுருட்டுவதுபோல் சுருட்டினார்கள். கேட்க எளிது. ஆனால் முன் விளிம்பில் சேரும் சுருள் தடிமனாகவும் பின்னால் மெலிந்தும் இருப்பதால் கழியின் பின்முனை தாழ்ந்து, உட்கார்ந்திருப்பவர்களின் தலைக்கு நேரே வந்துவிடும். அதைச் சமாளிக்கப் பின்பக்கத்துச் சுருளுக்குள் துண்டையோ பாய்ப்பையையோ வைத்துச் சுருட்டுவார்கள். பாயின் வயிறும் சரியாகத் தட்டையாகாது. பலத்த காற்றில் தேவை தட்டையான பாய். சுருட்டினால் கிடைப்பதோ தொளதொளப்பான பாய்.

பாயைக் குறைத்தால் வேகம் குறையும் என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள். எல்லைக்குள் இருக்கும்வரை அது உண்மை. எல்லையைத் தாண்டிய படகில் கதை வேறு. படகு சாயும்போது பாயின் தள்ளல் படகின் நடுக்கோட்டை விட்டு வெளியே போகிறது. அடிப்பாகத்தின் தண்ணீருக்குள் இருக்கும் வடிவமும் கோணலாகிறது. இரண்டும் சேர்ந்து படகின் மூக்கைக் காற்று வரும் திசைக்குத் திருப்பும். அதைத் தடுக்கச் சுக்கானை எதிர்ப்பக்கம் இழுத்துப் பிடிக்க வேண்டும். நீரோட்டத்துக்குக் குறுக்கே நிற்கும் சுக்கான் திசைகாட்டும் பலகையாக இல்லாமல் பிரேக் ஆகிவிடுகிறது. சாய்ந்த நடுப்பலகையும் வழுக்க, படகு பாதித் தூரம் முன்னேயும் மீதி பக்கவாட்டிலும் போகும். ஒரு ரீஃப் போட்டு அதே படகை மட்டமாக்கினால் சுக்கான் இரண்டு விரலுக்கு அடங்கும். வேகமும் பெரும்பாலும் கூடும். உயரமான பாய்தான் காற்றை எதிர்த்து ஏறுவதில் திறமையானது என்பதும் உண்மை. பந்தயக்காரர்கள் கடைசி நிமிடம்வரை ரீஃப்பைத் தள்ளிப்போடுவது அதனால்தான். அவர்களுடைய தொடைத் தசையும் மீட்புப் படகும் எல்லோருக்கும் வாய்ப்பதில்லை.

இரண்டு பாய் உள்ள படகில் ஒன்றை மட்டும் குறைத்தால் சமநிலை கெடும். பெரிய பாயை மட்டும் குறைக்க, முன்பாயின் கை ஓங்கி மூக்கு காற்றை விட்டு விலகும். முன்பாயை மட்டும் இறக்க, மூக்கு காற்றை நோக்கி ஓடும். பின்னது தொல்லை, முன்னது ஆபத்து. கயிறு கைநழுவினால் தானாகக் காற்றை நோக்கித் திரும்பி நிற்கும் படகே பாதுகாப்பானது. ஐ.எல்.சி.ஏ.வின் 4.7 பாய்க்கான மரத்தின் கீழ்த் துண்டு பின்னோக்கி வளைத்தே செய்யப்படுவதும் இதற்காகத்தான். பாய் சிறுத்ததால் முன்னே நகர்ந்த விசை மையத்தை அந்த வளைவு பழைய இடத்துக்குக் கொண்டுவருகிறது.

இந்தக் கணக்கின் கடைசிப் படியைக் கண்டவர்களில் ஒருவர் பிரிட்டனின் ஃபிராங்க் டை. மேற்கூரை இல்லாத ஒரு வேஃபேரர் படகில் 1963-ல் ஸ்காட்லாந்திலிருந்து ஐஸ்லாந்துக்கும், 1964-ல் நார்வேக்கும் ஒரு துணையோடு போனார். காற்று மிஞ்சும்போது அவர் பாயை முழுக்க இறக்கிவிட்டு மரத்தையும் மடக்கிப் படுக்கவைப்பார். முன்பக்கத்தில் துணியாலான கடல் நங்கூரத்தைக் கட்டிவிட்டு, மூக்கு அலையைப் பார்த்தபடி படகைக் கிடக்கவிடுவார். வெறும் மரமும் உயரம்தான், உயரமும் காற்றும் சேர்ந்தால் கவிழ்க்கும் வலுதான். நார்வே போகும் வழியில் பியூஃபோர்ட் அளவையில் ஒன்பதாம் எண் புயல் அடித்தது. அதாவது 41 நாட்டுக்கு மேல். 10 நாட் காற்றோடு ஒப்பிட்டால் பதினாறு மடங்குக்கும் மேலான விசை. படகு பலமுறை கவிழ்ந்தது, மரமும் முறிந்தது. அப்படியும் இருவரும் நார்வே கரை சேர்ந்தார்கள். ‘வாண்டரர்’ என்ற அந்தப் படகு கார்ன்வாலில் உள்ள தேசியக் கடல்சார் அருங்காட்சியகத்தின் சேகரிப்பில் இருக்கிறது.

புயலில் போக நினைக்காதவர்களைப் பிடிக்கும் பொறி வேறு. காற்று பின்னாலிருந்து வரும்போது விழும் பொறி அது. காற்றின் வேகம் 18 நாட். படகு அதே திசையில் 6 நாட்டில் ஓடுகிறது. படகில் இருப்பவர் உணர்வது மீதமுள்ள 12 நாட்டைத்தான். வெயில் இதமாக இருக்கும், பேச்சு நடக்கும், இன்னும் பெரிய பாய் ஏற்றலாமே என்றுகூடத் தோன்றும். கரைக்குத் திரும்ப வேண்டி வந்து படகைக் காற்றுக்கு எதிராகத் திருப்பினால், இப்போது காற்றின் வேகத்தோடு படகின் வேகமும் சேர்ந்துகொள்கிறது. நான்கைந்து நாட்டில் ஏறும் படகின் மீது விழுவது 21 நாட்டை ஒட்டிய காற்று. விசை மூன்று மடங்குக்கும் மேல். அதுவும் முன்பு படகை முன்னே தள்ளிய விசை, இப்போது பக்கவாட்டில் சாய்க்கிறது. வானிலையில் ஒரு மாற்றமும் இல்லை. மாறியது படகின் முகம் மட்டும்.

காற்று பின்னால் இருக்கும்போது ரீஃப் போடவும் முடியாது. பாய் மரத்தைத் தாங்கும் கம்பியின் மேல் அழுந்திக் கிடக்கும், இழுத்தாலும் இறங்காது. எப்படியும் காற்றை நோக்கித் திரும்பித்தான் ஆக வேண்டும். ஆகையால் பின்காற்றில் ஓடுபவர்கள் அவ்வப்போது, சும்மா இருக்கும்போதே, படகை ஒரு நிமிடம் காற்றுக்கு எதிராகத் திருப்பிப் பார்ப்பது நல்லது. முழு உடலையும் வெளியே சரித்தும் படகு மட்டமாக நிற்கவில்லை என்றால் ரீஃப்பை அங்கேயே போட்டுவிட வேண்டும். புறப்படும் முன்பே கரையில் சந்தேகம் வந்தால் இன்னும் எளிது. மணலில் நின்றபடி ரீஃப் போடச் சில நிமிடம் போதும். காற்று எதிர்பார்த்ததைவிட மெதுவாக இருந்தால், கடலில் அதை அவிழ்க்க அதைவிடக் குறைந்த நேரமே ஆகும். கடலில் போடுவதற்கு எவ்வளவு நேரம் ஆகும் என்பது அப்போதைய அலையைப் பொறுத்தது.